எனக்கு மூன்று நாள்

புதிதாய்த் திறந்த பூங்காவின் விலைத்தாளை
நாலாய் மடித்து
தலை டார்ச்சின் பட்டைக்குள் சொருகியிருந்தேன்.
விடியுமுன் முந்நூறு மரம்.
ஒவ்வொரு பட்டையிலும் கத்தி சாய்வாய் இறங்க
உள்ளே கணக்கு ஓடும்:

ஒரு நாளுக்கு எண்ணூறு.
மூன்று நாள் சீட்டு ஆயிரத்து எண்ணூறு,
ஏழு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.
வருடப் பாஸ் மூவாயிரம்.
ஞாயிறு செல்லாது, அரசு விடுமுறை செல்லாது,
படத்தில் இருப்பவர் தவிர யாருக்கும் செல்லாது.

லில்லிபாய் அண்டி ஆபீஸில்
முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை என்று
பதினாலு வருஷம் எண்ணியவள்.
"நாலாம் தடவை உள்ள கால் வச்சா
பாஸ் மொதல் தந்தாச்சு" என்றாள்.
நாலு தடவை எப்போது?
நகைக்கடைக் காலண்டரை ஆணியிலிருந்து இறக்கி
கட்டிலில் விரித்தோம்.

என் வருடம் எனக்குத் தெரியும்.
வெயில் நாளெல்லாம் மரத்துக்கு.
மழை நாள் எனக்கு, கூலி இல்லாமல்.
மழையில் எந்த ராட்டினம் சுற்றும்?
மாசியில் இலை உதிர்ந்து தளிர் மூக்கும்வரை
கத்திக்கு ஓய்வு, எனக்கும்.
அதில் ஒரு வாரம், அதற்குள் மூன்று நாள்.
எனக்கென்றே அச்சடித்த மாதிரி இருந்தது அந்தச் சீட்டு.

அபிஷாவின் கணக்கில் ரூபாய் இல்லை.
பெரிய சறுக்கின் வாசலில்
பலகையில் ஒரு நண்டு வரைந்திருக்கிறது.
அதன் கொடுக்கு உச்சந்தலையில் முட்டினால்தான்
மேலே விடுவார்கள்.
அவளுக்கு நாலு விரல் குறை.
"மூணு நாள்ல வளர முடியாதுப்பா."

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.
அம்மைக்கும் மகளுக்கும் வருடம்.
எனக்கு மூன்று நாள்.
ஒட்டுப்பால் விற்ற காசில் பாதி போயிற்று.

ஓய்வின் கடைசி வாரத்தில் போனோம்,
அதற்கு முன்னால் யாரும் கடன் தரவில்லை.
பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொன்னோம்.
செயற்கை அலையில் இரண்டு நாள் நனைந்தேன்.
நிஜ அலை மதிலுக்கு அப்பால்
காசு வாங்காமல் அடித்துக்கொண்டிருந்தது.
மூன்றாம் நாள் விடியுமுன் முதலாளியின் போன்:
தளிர் மூத்தாச்சு, கத்தி வை.
சீட்டில் இரண்டு வட்டத்தில் ஓட்டை,
மூன்றாவது முழுசாய்.

பிறகு ஐப்பசி.
குலசேகரத்தில் சிரட்டைகளில் பாலுக்குப் பதில் தண்ணீர்.
திருவட்டாறு, விளவங்கோடு தாலுகாக்களுக்கு மட்டும்
பள்ளி விடுமுறை என்றார் கலெக்டர்.
அண்டி ஆபீஸில் கரண்டு இல்லை.
"இந்த மழையிலயா போறிய?" என்றேன்.
ஒரு குடைக்குள் இருவரும்
ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

பத்தரைக்குப் போன்.
"எப்பா, இஞ்ச வெயிலு! தோட்டியோடு தாண்டுனதும்
மழைய காணல."
அரசு விடுமுறைக்குப் பாஸ் செல்லாது என்ற பையனிடம்
லில்லிபாய் கேட்டாளாம்,
"இது எங்க தாலுகாவுக்க லீவு.
ஒங்க தாலுகாவுல இன்னைக்கு
பள்ளிக்கூடம் உண்டா இல்லியா?"
அவன் காலண்டரைப் பார்த்தானாம். கறுப்பு எண்.
விட்டுவிட்டான்.

பின்னால் யாரோ அலறுகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம்.
"எப்பா, நண்டு தட்டிச்சு."

ஓட்டுக் கூரையில் மழை
அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்கவிடவில்லை.
முப்பத்தெட்டு வருடம் இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு
ஒரே வானத்தை வைத்தா கணக்குப் போட்டேன்?
கூலியில்லாத மழை நாள் இருபது,
இருபதிலும் அங்கே வெயில் அடித்திருக்குமோ என்னவோ.

ஆயிரத்து எண்ணூறும் எண்ணூறும்
இரண்டாயிரத்து அறுநூறு.
வருடப் பாஸைவிட
இன்னும் நானூறு லாபத்தில்தான் இருக்கிறேன்.
இன்னொரு மழை பெய்தால் தோற்றேன்.

காயாத சட்டையைத்தான் போட்டேன்.
தக்கலை பஸ் பதினொன்றுக்கு.